நாற்றுகளுக்கு எந்தக் குழல்விளக்கு? ரி-8, ரி-5 வகைகள் குறித்த ஒரு மதிப்பீடு

ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் வீட்டுத்தோட்டம் செய்யும் நம்மவர்களுக்கு மார்ச் மாதம் இக்கட்டானது. வெளியே நிலம் இறுகிக் கிடக்கும் அந்த நாட்களிலேயே மிளகாய்க்கும் கத்தரிக்கும் விதை போட்டாக வேண்டும். மே 25ஆம் திகதிக்கு முந்திய திங்கட்கிழமையில் வரும் விக்ரோரியா தின விடுமுறையை ஒட்டித்தான் இங்கே நாற்றுகளை வெளியில் நடுவது வழக்கம். மிளகாய்க்கும் கத்தரிக்கும் அதற்கு எட்டுப் பத்துக் கிழமைகளுக்கு முன்பும், தக்காளிக்கு ஆறு முதல் எட்டுக் கிழமைகளுக்கு முன்பும் விதை போட வேண்டும். பாகலும் புடலும் விரைந்து வளர்பவை என்பதால் அவற்றுக்கு ஏப்ரல் கடைசி போதும். ஆக, இரண்டு மாத அளவுக்கு இளஞ்செடிகள் வீட்டுக்குள்ளேயே வளர வேண்டியிருக்கிறது. யன்னலோரத்தில் வைத்தால் வெயில் ஒரு பக்கமாக, சில மணித்தியாலங்களே விழுகிறது. மேகம் மூடிய நாட்களில் அதுவும் இல்லை. அப்படி வளரும் தக்காளி நாற்றின் தண்டு வித்திலைக்குக் கீழே வெளிறி நீண்டு, கண்ணாடியை நோக்கிச் சாய்ந்து, நீர் ஊற்றும்போதே மண்ணில் படுத்துவிடும். இந்த நிலைமைக்கு நம் வீடுகளில் பல காலமாக இருந்துவரும் மருந்து, பேஸ்மென்ட்டில் தொங்கும் நான்கடிக் குழல்விளக்கு.

கடைக்குப் போனால் அந்தக் குழல்விளக்கிலேயே பல வகைகள் இருக்கின்றன. செடி வளர்ப்புக்கென்றே தயாரிக்கப்பட்டது என்று பெட்டியில் எழுதியிருந்தால் விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகிவிடுகிறது. பல வகைகளைப் பயன்படுத்திப் பார்த்த பிறகு எனக்குள்ள கருத்து உறுதியானது: நாற்றுப் பருவத்துக்கு அந்தப் பெயருக்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. ஒரு தட்டுக்கு மேலே எத்தனை குழல்கள் நிற்கின்றன, அவை இலைக்கு எவ்வளவு கிட்ட நிற்கின்றன, நாளொன்றுக்கு எத்தனை மணித்தியாலம் எரிகின்றன என்ற மூன்றும்தான் நாற்றின் தரத்தைத் தீர்மானிக்கின்றன. சாதாரண இரட்டைக் குழல் ரி-8 பிட்டிங் ஒன்றை இந்த மூன்றிலும் சரியாக அமைத்தால், கவனமின்றித் தொங்கவிட்ட விலையுயர்ந்த விளக்கைவிட நல்ல நாற்றுகளைத் தரும்.

முதலில் அந்த எண்களைத் தெரிந்துகொள்வது நல்லது. ரி என்ற எழுத்துக்குப் பின்னால் வரும் எண், குழலின் விட்டம் எட்டில் ஓர் அங்குலமாக எத்தனை என்பதைக் குறிக்கிறது. ரி-12 ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீற்றர். ரி-8 ஓர் அங்குலம், ஏறத்தாழ 26 மில்லிமீற்றர். ரி-5 அதைவிட ஒல்லியாக 16 மில்லிமீற்றர். வட அமெரிக்காவில் நான்கடி நீளமுள்ள ரி-12 குழல் 40 வாட், ரி-8 குழல் 32 வாட், ரி-5 வகையில் சாதாரணக் குழல் 28 வாட், அதிக ஒளி தரும் எச்.ஓ. குழல் 54 வாட். ரி-5 குழலை நான்கடி என்று சொன்னாலும் அதன் உண்மையான நீளம் சற்றுக் குறைவு. ஊசிகளுக்கிடையிலான இடைவெளியும் வேறு. ஆகவே ரி-8 பிட்டிங்கில் அதைப் பொருத்த முடியாது. 28 வாட் ரி-5 குழலும் 54 வாட் ரி-5 குழலும் பார்வைக்கு ஒரே அளவானவை என்றாலும் அவற்றின் சோக், அதாவது குழலுக்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பாகம், வெவ்வேறானது. ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை மாட்டக்கூடாது.

ரி-12 பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பழைய வீடுகளின் பேஸ்மென்ட்டிலும் கராஜிலும் இன்னும் தொங்கிக்கொண்டிருப்பவை இவைதான். காந்தச் சோக் உள்ள இந்த விளக்குகள் இரையும், கண் கூசும்படி துடிக்கும், ஒளிக்கு மேலாகச் சூட்டையும் தரும். மின்சாரத்தைச் சேமிக்கவென்று பின்னாளில் வந்த 34 வாட் ரி-12 குழல்கள் 16 பாகை செல்சியஸுக்குக் கீழே ஒழுங்காக எரிவதில்லை. மார்ச் மாதத்தில் நமது பேஸ்மென்ட்டுகள் பல அந்த வெப்பநிலைக்கு அருகில்தான் இருக்கும். இலவசமாகக் கிடைக்கிறதே என்று மிகப் பழைய பிட்டிங் ஒன்றை எடுத்து வருபவர்கள் சோக்கின் மேலுள்ள அட்டையை வாசித்துப் பார்க்க வேண்டும். 1980க்கு முன்னர் செய்யப்பட்ட காந்தச் சோக்குகளில் பி.சி.பி. என்ற நச்சு எண்ணெய் இருக்கக்கூடும். அது இல்லை என்று அட்டையில் தெளிவாக எழுதியிருந்தாலொழிய அதை நாற்றுக்கு மேலே தொங்கவிட வேண்டாம்.

நான் முழுமனதுடன் பரிந்துரைப்பது எலெக்ட்ரோனிக் சோக் பொருத்திய இரட்டைக் குழல் ரி-8 பிட்டிங்கை. வீட்டுப் பொருட்கள் விற்கும் பெரிய கடைகளில் வேலைமேசைக்கு மேலே மாட்டுவதற்கென்று விற்கப்பட்டுவந்த அதே விளக்கு இது. இரைச்சல் இல்லை, தனி ஸ்டார்ட்டர் இல்லை, சுவிட்ச் போட்டதும் எரிகிறது. 32 வாட் குழல் ஒன்று புதிதாக இருக்கும்போது ஏறத்தாழ 2,800 லூமன் ஒளி தருகிறது. சோக் அந்தக் குழலை அதன் முழு வலுவில் ஓட்டாமல் சற்றுக் குறைத்தே ஓட்டுவதால், இரண்டு குழல்களுமாகச் சேர்ந்து 60 வாட்டுக்குள் எரிந்து, 5,000 லூமன் அளவுக்குத் தருகின்றன. வாங்கும்போது பார்க்க வேண்டிய முக்கியமான விடயம் குழல்களுக்கு மேலேயுள்ள தகடு. வெள்ளை மை நன்றாகப் பூசிய, இரு ஓரமும் கீழ்நோக்கிச் சரிந்த தகடு உள்ள பிட்டிங்கையே எடுக்க வேண்டும். மேலேயும் பக்கவாட்டிலும் போகும் ஒளியைக் கீழே திருப்பித் தருவது அதுதான். தகடே இல்லாத ஒற்றைப் பட்டி வகை மலிவாக இருக்கும், ஆனால் அதன் ஒளியில் பெரும்பங்கு பேஸ்மென்ட்டின் கூரைக்கும் சுவருக்குமே போய்ச் சேரும்.

அடுத்தது குழலின் நிறம். குழலின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் குறியீட்டிலேயே தேவையான தகவல் முழுவதும் இருக்கிறது. எஃப்32 ரி8 என்பதற்குப் பின்னால் 841 என்று இருந்தால், முதலிலுள்ள 8 நிறங்களைக் காட்டும் தரம் எண்பதுக்கு மேல் என்பதையும், 41 என்பது 4,100 கெல்வின் வெண்மை என்பதையும் சொல்கிறது. 865 என்றால் 6,500 கெல்வின், அதாவது நீலம் கூடிய பகல் வெளிச்சம். 830 என்றால் மஞ்சள் கலந்த 3,000 கெல்வின். நாற்றுப் பருவத்தில் செடி கட்டையாகவும் தடிப்பாகவும் வளர்வதற்கு நீல ஒளி உதவுகிறது. ஆகவே 865 குழல் இரண்டு, அல்லது 841 குழல் இரண்டு, அல்லது ஒவ்வொன்றிலும் ஒன்று என்று போட்டால் போதும். ஒரு வெண்குழலும் ஒரு மஞ்சட்குழலும் கலந்து போடும் பழைய முறையும் நன்றாகவே வேலை செய்கிறது. மஞ்சட்குழல் மட்டும் இரண்டு போடுவதை நான் விரும்புவதில்லை. 7 என்ற எண்ணில் தொடங்கும் 741 போன்ற குழல்கள் சற்று மலிவானவை, ஆனால் புதிதாக இருக்கும்போதே கொஞ்சம் ஒளி குறைந்தவை. பழசாகும்போது இன்னும் குறையும்.

இளஞ்சிவப்பும் ஊதாவுமாக எரியும் செடிக்குழல்களைப் பற்றி வாசகர்களை எச்சரிக்க விரும்புகிறேன். தாவரம் அதிகமாக உள்வாங்கும் சிவப்பையும் நீலத்தையும் கூட்டி, பச்சையைக் குறைத்துச் செய்யப்பட்டவை அவை. அந்தக் கொள்கையில் பிழை இல்லை. ஆனாலும் சாதாரண வெண்குழலில் உள்ள பச்சை, மஞ்சள் ஒளியும் இலைக்குப் பயன்படுகிறது என்பதால், அதே வாட் அளவில் நாற்றுக்குக் கிடைக்கும் நன்மை விலை வித்தியாசத்துக்கு ஈடாவதில்லை. அவற்றில் வேறொரு குறையும் இருக்கிறது. ஊதா ஒளியில் எல்லா இலைகளும் கருமையாகத் தெரிவதால், பசளை போதாமல் கீழிலை மஞ்சளாவதும், இலைக்கடியில் அசுவினி கூடுவதும் கண்ணில் படுவதில்லை. ஒவ்வொரு நாளும் நாற்றைப் பார்த்துப் பராமரிப்பவருக்கு வெள்ளை வெளிச்சம்தான் உகந்தது. செடிக்குழல் இல்லாவிட்டால் நாற்றே வராது என்று கடையில் யாரும் சொன்னால் நம்ப வேண்டாம்.

இனி இந்த விளக்கின் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் தூரத்துக்கு வருவோம். ரி-8 குழல் இலைநுனிக்கு மேலே 5 முதல் 8 சென்ரிமீற்றரில் நிற்க வேண்டும், பத்தைத் தாண்டக்கூடாது. கையை நீட்டி விரல்களைச் சேர்த்துக் குழலுக்கும் இலைக்கும் இடையில் குறுக்கே வைத்தால், நான்கு விரல் அகலம் அளவாக இருக்கும். தூரம் இரட்டித்தால் ஒளி நான்கில் ஒன்றாகும் என்று பலர் எழுதுகிறார்கள். அது ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளிக்குப் பொருந்தும். நீண்ட குழலுக்கு மிகக் கிட்டே அளக்கும்போது தூரம் இரட்டித்தால் ஒளி ஏறத்தாழப் பாதியாகிறது. பல குழல்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் இன்னும் மெதுவாகவே குறைகிறது. எப்படியிருந்தாலும், கூரையோடு பொருத்திய விளக்குக்குக் கீழே மேசையில் தட்டை வைப்பவர் விளக்கின் ஒளியில் மிகச் சிறிய பங்கையே நாற்றுக்குக் கொடுக்கிறார். ரி-8 குழலின் சூடு குறைவு; இலை சிறிது நேரம் தொட்டாலும் கருகாது. ஆகவே கிட்டே கொண்டுவரப் பயப்பட வேண்டியதில்லை.

இதற்காகப் பிட்டிங்கை மேலே கீழே நகர்த்தக்கூடிய விதத்தில் சங்கிலியில் தொங்கவிட வேண்டும். இரண்டு முனையிலும் மெல்லிய சங்கிலியும் வளைந்த கொக்கியும் இருந்தால், இரண்டு நாளுக்கொருமுறை ஒரு கண்ணி மேலே ஏற்றுவது ஒரு நிமிட வேலை. இரண்டு முனையையும் வெவ்வேறு உயரத்தில் வைக்க முடிவது சங்கிலியின் இன்னொரு வசதி: ஒரு பக்கம் ஓங்கிய தக்காளியும் மறுபக்கம் இப்போதுதான் முளைத்த மிளகாயும் இருந்தால், விளக்கைச் சரிவாகத் தொங்கவிடலாம். அப்படியும் உயரம் பொருந்தாவிட்டால் குட்டையான தட்டுக்குக் கீழே மரக்கட்டை ஒன்றை வைத்து உயர்த்துவதுதான் சுலபம்.

குழலின் ஒளி அதன் முழு நீளத்துக்கும் ஒரே சீராக இருப்பதில்லை. நடுப்பகுதி பிரகாசமாகவும் இரு முனைகளும் மங்கலாகவும் இருக்கும். முனைகளுக்குக் கீழே நிற்கும் செடிகள் நடுவை நோக்கிச் சாய்வதிலிருந்தே இதைக் கண்டுகொள்ளலாம். ஒளியை அதிகம் கேட்கும் தக்காளியையும் கத்தரியையும் நடுவில் வைத்து, கீரை, கோவா போன்றவற்றை ஓரங்களுக்குத் தள்ளுவதும், தட்டுகளைச் சில நாட்களுக்கு ஒருமுறை திருப்பி வைப்பதும் நல்லது. இங்கே எல்லாக் கடைகளிலும் விற்கும் நாற்றுத்தட்டு 10 அங்குல அகலமும் 20 அங்குல நீளமும் கொண்டது. நான்கடிப் பிட்டிங்கின் கீழே இரண்டு தட்டுகளை நீளவாக்கில் வைத்தால் இரட்டைக் குழல் அகலம் அவற்றுக்குச் சரியாகப் பொருந்துகிறது. நான்கு தட்டுகளைக் குறுக்காக அடுக்கினால் இறாக்கையின் இடம் முழுவதும் நிரம்பும், ஆனால் 20 அங்குல ஆழத்துக்கு ஒரு பிட்டிங் போதாது. முன்னும் பின்னுமாக இரண்டு பிட்டிங், அதாவது நான்கு குழல்கள் வேண்டும். ஒரு பிட்டிங்கின் கீழே நான்கு தட்டுகளை வைத்துவிட்டு, ஓரத்துச் செடிகள் மெலிகின்றன என்று விளக்கைக் குறை சொல்வது நியாயமாகாது. இறாக்கையின் பக்கங்களில் வெள்ளைக் காகித அட்டையைத் தொங்கவிட்டால், வெளியே போகும் ஒளியில் ஒரு பங்கு உள்ளே திரும்பும். செலவே இல்லாத முன்னேற்றம் இது.

ஒளி போதுமா என்பதைக் கண்ணால் மதிப்பிடுவது கடினம், ஏனென்றால் நம் கண் மங்கலான அறைக்கும் தன்னைப் பழக்கிக்கொள்கிறது. ஒளிச்செறிவை லக்ஸ் என்ற அலகில் காட்டும், கைத்தொலைபேசியில் இறக்கக்கூடிய அளவி துல்லியமானது இல்லையென்றாலும், ஒப்பிட்டுப் பார்க்க உதவும். தொலைபேசியை இலை மட்டத்தில், உணரி மேல்நோக்கி இருக்கும்படி பிடித்து அளக்க வேண்டும். வெண்குழலின் கீழே கிடைக்கும் லக்ஸ் எண்ணை 74 ஆல் வகுத்தால், இலைக்குப் பயன்படும் ஒளியின் அளவு, ஒரு சதுர மீற்றருக்கு ஒரு செக்கனில் எத்தனை மைக்ரோமோல் என்ற கணக்கில் ஓரளவுக்குக் கிடைக்கும். 15,000 லக்ஸ் என்றால் ஏறத்தாழ 200. அதை ஒரு நாளில் 14 மணித்தியாலம் கொடுத்தால் நாள்மொத்தம் 10 மோல் (ஒரு மோல் பத்து இலட்சம் மைக்ரோமோல்) அளவுக்கு வருகிறது. தக்காளி, மிளகாய் நாற்றுக்கு அது திருப்தியான அளவு. 10,000 லக்ஸ்தான் கிடைக்கிறது என்றால் 16 மணித்தியாலம் எரித்தாலும் 8 மோலுக்குச் சற்றுக் குறைவாகவே வரும். நாற்று வளரும், ஆனால் மெதுவாக. 5,000 லக்ஸுக்கும் கீழே காட்டினால் மணித்தியாலத்தைக் கூட்டி ஈடுசெய்ய முயல வேண்டாம். விளக்கைக் கீழே இறக்க வேண்டும், அல்லது இன்னொரு பிட்டிங் வாங்க வேண்டும்.

விளக்கை இரவும் பகலுமாக எரியவிட்டால் செடி விரைவாக வளரும் என்று நினைப்பவர்கள் உண்டு. தக்காளிக்கும் கத்தரிக்கும் இது தீமை செய்கிறது. இடைவிடாத ஒளியில் தக்காளி இலைகள் பச்சையம் இழந்து திட்டுத்திட்டாக மஞ்சளாகின்றன. ஆகவே 14 முதல் 16 மணித்தியாலம் ஒளியும் மீதி நேரம் இருளும் தருவதுதான் முறை. இதைக் கையால் செய்ய முயன்றால் மறதி வரும். சிறிய ரைமர் ஒன்றை வாங்கிவிட வேண்டும். நேரத்தைப் பொறுத்தவரை, நேரத்துக்கு ஏற்பக் கட்டணம் மாறும் திட்டத்தில் உள்ள ஒன்ராறியோ வீடுகளில் கிழமை நாட்களில் மாலை 7 மணி முதல் காலை 7 மணி வரையும், சனி ஞாயிறு முழுவதும் குறைந்த கட்டணம் அறவிடப்படுகிறது. யன்னல் வெளிச்சம் விழாத பேஸ்மென்ட்டில் இருக்கும் செடிக்கு நமது கடிகாரம் ஒரு பொருட்டில்லை. மாலை 7 மணிக்கு எரியத் தொடங்கி மறுநாள் காலை 9 மணிக்கு அணையும்படி ரைமரை வைத்தால், 14 மணித்தியாலத்தில் 12 குறைந்த கட்டணத்தில் அடங்கிவிடும். இரவில் பேஸ்மென்ட் குளிரும்போது விளக்கின் சிறு சூடும் செடிக்கு உதவும்.

சூடு என்றதும் ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். முளைப்பதற்குத் தேவையான சூடு வேறு, வளர்வதற்குத் தேவையான ஒளி வேறு. மிளகாயும் கத்தரியும் 25 முதல் 30 பாகை செல்சியஸ் மண்ணில்தான் ஒழுங்காக முளைக்கும். குழல்விளக்கின் சூடு அதற்குப் போதாது. தட்டுக்குக் கீழே வெப்ப விரிப்பு வைக்கலாம். இறாக்கையில் இரண்டு மூன்று அடுக்குகள் இருந்தால், கீழடுக்கு விளக்கின் சோக்குக்கு நேர் மேலே உள்ள இடம் மற்ற இடங்களைவிட இளஞ்சூடாக இருக்கும். விதைத்தட்டை அங்கே வைப்பதும் பயனுள்ளது. முதல் முளை மண்ணைப் பிளந்து வெளியே வந்த அன்றே தட்டை விளக்கின் கீழே கொண்டுபோய்விட வேண்டும். மற்ற விதைகளும் முளைக்கட்டும் என்று இருட்டில் விட்டுவைக்கும் இரண்டு நாட்களிலேயே தண்டு நீண்டுவிடும். பிறகு எந்த விளக்காலும் அதைக் குறுக்க முடியாது.

ரி-5 எச்.ஓ. வகை இப்போது செடி வளர்ப்போரிடையே பெயர்பெற்றது. நான்கடிக் குழல் ஒன்று 54 வாட். 5,000 லூமன் வரை தரும். நான்கு குழல் பிட்டிங் ஒன்றைப் பேஸ்மென்ட்டில் எரித்தால் அதன் வலு உடனே தெரிகிறது: தட்டு முழுவதும் ஒரே சீரான வெளிச்சம், 15 முதல் 20 சென்ரிமீற்றர் தூரத்திலிருந்தே போதுமான அளவு, கிட்டே வைத்து இரண்டு நாளுக்கொருமுறை உயர்த்தும் வேலை இல்லை. மிளகாயைப் பெப்ரவரியிலேயே போட்டு, பூமொட்டு வரும் அளவுக்குப் பெரிய தொட்டிச் செடியாக வெளியே கொண்டுபோக விரும்புபவருக்கு இதுதான் ஏற்றது. ஓங்கிய செடியின் மேலிலையைத் தாண்டி நடுவிலைக்கும் ஒளி இறங்க வேண்டுமென்றால் ரி-8 விளக்கால் முடியாது. குளிர்காலம் முழுவதும் வீட்டுக்குள் வாடும் கறிவேப்பிலைத் தொட்டிக்கும் இது உதவும்.

ஆனால் ரி-5 மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறது என்ற விளம்பரத்தை நான் ஏற்பதில்லை. நான்கு ரி-8 குழல்கள் 120 வாட் அளவுக்கு எரிந்து 10,000 லூமன் தருகின்றன. நான்கு ரி-5 எச்.ஓ. குழல்கள் சோக்கோடு சேர்த்து 230 வாட்டுக்கு மேல் எரிந்து, அதில் இரண்டு மடங்குக்குக் கிட்டத் தருகின்றன. ஒரு வாட்டுக்குக் கிடைக்கும் ஒளி இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். ரி-5 தருவது இடச் சிக்கனம்: அதே அகலத்துக்குள் இரண்டு மடங்கு ஒளி. ஒரு நாளில் 14 மணித்தியாலம் எரிந்தால் முதலாவது 1.7 கிலோவாட் மணிக்குக் கிட்டவும், இரண்டாவது 3.3 கிலோவாட் மணி அளவும் செலவழிக்கும். ரி-5 குழல் தன் முழு ஒளியைத் தருவது அதைச் சுற்றியுள்ள காற்று 35 பாகை செல்சியஸில் இருக்கும்போது. ரி-8 குழலுக்கு அது 25 பாகை. குளிர்ந்த பேஸ்மென்ட்டில் திறந்த பிட்டிங்கில் எரியும் ரி-5, பெட்டியில் எழுதியுள்ள லூமனை எட்டுவதில்லை. சூடும் கூடுதல், இலை குழலில் முட்டினால் ஓரம் கருகும், மண்ணும் விரைவாகக் காயும். விலையிலும் நான்கு குழல் ரி-5 பிட்டிங் ஒன்றின் காசுக்கு ரி-8 பிட்டிங்குகள் மூன்று நான்கு வாங்கலாம் என்பதால், ஆறு கிழமை மட்டும் நாற்று வளர்ப்பவருக்கு இதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

ஒற்றை ரி-5 குழலும் தாங்குசட்டமும் சேர்ந்து வரும் ஜம்ப் ஸ்டார்ட் என்ற பெயருடைய விளக்கு போன்றவை வேறொரு தேவைக்கானவை. சமையலறை மேசையில் வைத்து, கயிற்றுப் பிடியை அழுத்தி ஏற்றி இறக்கும் வசதி நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறது. சங்கிலி, கொக்கி, இறாக்கை எதுவும் தேவையில்லை. அடுக்குமாடியில் இருந்துகொண்டு பல்கனிக்கு ஒரு தட்டு மிளகாயும் தக்காளியும் போடுபவருக்கு இரண்டடி வகை போதும். ஆனால் ஒரு குழலின் கீழே ஒரு தட்டைத்தான் வைக்க முடியும். அதிலும் இரு ஓர வரிசைகள் கொஞ்சம் மெலியும். கனடாவில் எளிதாகக் கிடைக்கும் சன்பிளாஸ்டர் ரி-5 பட்டிகள் ஒன்றோடொன்று இணைக்கக்கூடியவை. அவற்றுக்குரிய பளபளப்பான பிரதிபலிப்புத் தகட்டையும் சேர்த்து வாங்கினால்தான் காசுக்குப் பெறுமதி கிடைக்கும். முறுக்குக் குமிழ் வகையான சி.எஃப்.எல். ஒன்றிரண்டு சட்டிகளுக்கு மட்டுமே உதவும். ஒரு தட்டு முழுவதையும் அதனால் சீராக மூட முடியாது.

குழல்கள் எரிந்து அணையும் முன்பே வலுவிழக்கின்றன. இரு முனைகளும் கருத்து, எரியும்போது துடிப்பு தெரியத் தொடங்கினால் மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. ஆனால் வீட்டுத் தோட்டக்காரர் ஆண்டுதோறும் குழல் மாற்ற வேண்டும் என்ற அறிவுரை மிகையானது. ஒரு நாளுக்கு 16 மணித்தியாலம் என்று 60 நாட்கள் எரித்தாலும் ஒரு பருவத்துக்கு 960 மணித்தியாலம்தான் ஆகிறது. ரி-8 குழலின் ஆயுள் 20,000 மணித்தியாலம் அளவில் குறிக்கப்படுகிறது. மே மாதத்தில் விளக்கைக் கழற்றும்போது குழலிலும் தகட்டிலும் படிந்த தூசையும், பசளைநீர் தெறித்த கறையையும் ஈரத்துணியால் துடைத்து வைத்தால், அடுத்த பருவத்தில் ஒளி குறையாமல் இருக்கும்.

இப்போது புதிதாக வாங்குபவருக்கு ஒரு முக்கியமான விடயம் உண்டு. குழல்விளக்கு ஒவ்வொன்றிலும் சிறிதளவு பாதரசம் இருக்கிறது. பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள் 2023 நவம்பரில் ஜெனீவாவில் கூடி, பொது வெளிச்சத்துக்கான நீள்குழல்களின் தயாரிப்பையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027க்குள் நிறுத்துவதாக முடிவு செய்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் ரி-5, ரி-8 குழல்கள் 2023 ஓகஸ்டிலேயே சந்தையிலிருந்து விலக்கப்பட்டுவிட்டன. கனடாவும் மினமாட்டா உடன்படிக்கையில் இருக்கிறது. ஆகவே, வீட்டில் ஏற்கெனவே ரி-8 பிட்டிங் இருப்பவர், அல்லது எல்.ஈ.டி.க்கு மாறும் அலுவலகத்திலிருந்து நல்ல நிலையில் இலவசமாகப் பெறுபவர் தயங்காமல் அதைப் பயன்படுத்தலாம். உபரியாக இரண்டு குழல்கள் வாங்கி வைப்பதும் புத்திசாலித்தனம். ஒன்றும் இல்லாமல் காசு கொடுத்து வாங்கத் தொடங்குபவர் நான்கடி எல்.ஈ.டி. வேலைமேசை விளக்கை வாங்குவதே நல்லது. 4,000 முதல் 5,000 கெல்வின் வெண்மை, 4,000 லூமனுக்குக் குறையாத ஒளி, சங்கிலியில் தொங்கவிடும் வசதி ஆகிய மூன்றையும் பார்த்து வாங்கினால், தூரத்தையும் நேரத்தையும் பற்றி மேலே சொன்னவை ஏறத்தாழ அப்படியே அதற்கும் பொருந்தும். எல்.ஈ.டி.யின் கீழே மண் குளிர்ச்சியாக இருப்பதால் நீர் குறைவாக ஊற்ற வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

பழைய பிட்டிங்கிலேயே எல்.ஈ.டி. குழலை மாட்ட விரும்பினால், பெட்டியில் எழுதியிருக்கும் வகையைக் கவனிக்க வேண்டும். ஏ வகை, பொருந்தக்கூடிய எலெக்ட்ரோனிக் சோக்கோடு நேராக வேலை செய்யும். எந்தச் சோக்குகளுக்குப் பொருந்தும் என்ற பட்டியலைத் தயாரிப்பாளர் தந்திருப்பார். பி வகைக்குச் சோக்கை நீக்கி, வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் குழலின் முனைக்குக் கொடுக்க வேண்டும். இது உரிமம் பெற்ற மின்னியலாளரின் வேலை. நீர் ஊற்றும் இடத்தில் தொங்கும் விளக்கு என்பதால், எதை வாங்கினாலும் சி.எஸ்.ஏ. அல்லது சி.யூ.எல். பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஜி.எஃப்.சி.ஐ. பாதுகாப்புள்ள சுவர்ச் செருகியில் மட்டுமே இணைக்க வேண்டும்.

கழிக்க வேண்டிய குழல்களைச் சாதாரணக் குப்பையில் போடக்கூடாது. புதுக்குழல் வந்த காகித உறையிலேயே பழையதைப் போட்டு, உடையாமல் வைத்திருந்து, ரொறன்ரோ நகரசபையின் கழிவு ஒப்படைப்பு நிலையத்தில் அபாயமான வீட்டுக் கழிவுகளோடு கொடுக்கலாம். கைதவறி உடைந்துவிட்டால் பிள்ளைகளையும் வளர்ப்பு விலங்குகளையும் அறையிலிருந்து வெளியேற்றி, யன்னலைத் திறந்து, கால் மணித்தியாலம் காற்றோட விட்ட பிறகே உள்ளே போக வேண்டும். வக்கியூம் கிளீனரைப் பயன்படுத்தினால் பாதரசம் காற்றில் பரவும். ஆகவே தடித்த அட்டையால் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி, ஒட்டும் நாடாவால் தூளை ஒற்றியெடுத்து, மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் இட்டு, அதையும் அந்த நிலையத்திலேயே ஒப்படைக்க வேண்டும். உடைந்த தூள் விழுந்த தட்டின் மண்ணையும் நாற்றையும் அதோடு சேர்த்து அகற்றிவிட வேண்டும்.